தமிழ்த் தட்டச்சுப் பயிற்சியில் 'எழுத்து' என்னும் அலகு

கட்டளை முனையத்தில் இயங்கும் தட்டச்சுப் பயிற்சி நிரல்களுள் ஒன்று குனு டைப்பிஸ்ட். திரையில் ஒரு வரி தோன்றும். பயில்வோர் அதன்கீழ் அவ்வரியைத் தட்டச்சிடுவர். இறுதியில் வேகமும் பிழை விழுக்காடும் காட்டப்படும். அதன் பாடங்கள் எளிய உரைக்கோப்புகளாக அமைந்துள்ளன. வரியின் தொடக்கத்தில் இடப்படும் ஓர் எழுத்தே அது விளக்கமா, பயிற்சியா, வேகத்தேர்வா என்பதை நிரலுக்கு உணர்த்துகிறது. ஆதலின் நிரலாக்கம் அறியாத தமிழாய்வாளரும் அதற்குப் பாடம் எழுத இயலும். ஆயினும் தமிழ்ப் பாடம் எழுதப் புகுமுன் தீர்க்கப்பட வேண்டிய வினா ஒன்றுண்டு: பயிற்சியில் எண்ணப்படும் அலகு எது?

ஆங்கிலத்தில் இவ்வினா பெரும்பாலும் எழுவதில்லை. ஒரு விசை, ஒரு குறியெண், திரையில் ஒரு கட்டம் ஆகிய மூன்றும் அங்கு ஓரெழுத்தையே குறிக்கின்றன. ஐந்து குறிகள் ஒரு சொல் என்னும் வேகக் கணக்கும், நூற்றுக்கு 3 வரை பிழை பொறுக்கும் வரம்பும் இவ்வொருமையின்மீதே நிற்கின்றன.

தமிழில் இவ்வொருமை இல்லை. 'கொக்கு' என்னும் சொல்லை நோக்கலாம். இலக்கண வழி அது 3 எழுத்துகள். தமிழ்99 விசைப்பலகையில் க, ஒ, க, க, உ என 5 விசைகள். மெய் இரட்டிக்கும்போது புள்ளி தானே அமைந்துவிடும். ஒருங்குறியிலோ க, ஒகரக் குறி, க, புள்ளி, க, உகரக் குறி என 6 குறியெண்கள். பயில்பவர் 'கோக்கு' எனப் பிழைபடத் தட்டச்சிட்டால், எழுத்தெண்ணிக்கையில் பிழை மூன்றில் ஒன்று. குறியெண் எண்ணிக்கையில் ஆறில் ஒன்று. ஒரே பிழை அலகு மாறியதால் பாதியாகக் குறைகிறது.

இதனினும் நுட்பமான சிக்கல் மற்றொன்று. ஒகர உயிர்மெய்க் குறியை ஒருங்குறி ஒரே குறியெண்ணாகவும், எகரக் குறியும் காலும் இணைந்த இரு குறியெண்களாகவும் ஏற்கிறது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இவற்றை முன்னரே ஒருமைப்படுத்தாது ஒப்பிடும் நிரல், சரியாகத் தட்டச்சிட்டவரையும் பிழை செய்தவராகக் காட்டும்.

இவை கணினியியலார் தீர்க்க வேண்டியவை என்று தமிழ்த்துறைகள் ஒதுங்கிவிடுதல் பொருந்தாது. எழுத்து யாது என்னும் வினாவுக்கு முதலெழுத்து 30, சார்பெழுத்து 3 எனத் தொல்காப்பியம் வரையறை தந்துள்ளது. நிரலாளர் வேண்டுவது அவ்வரையறை வழிப்பட்ட தெளிவான விதியே. பிழையை எழுத்தாலும் வேகத்தை விசையாலும் அளந்து, இரண்டையும் தனித்தனியே காட்டுதல் ஏற்புடைய விதியாகும். பிழை படிப்பவர் காண்பது; வேகம் விரல் உழைப்பது. இரண்டையும் ஒரே அலகில் அடக்கும் கட்டாயம் தமிழுக்கு இல்லை.

பாட வைப்புமுறையும் இலக்கண அறிவைச் சார்ந்ததே. 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99இல் உயிர்கள் இடக்கைப் பக்கமும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமும் அமைந்துள்ளன. 'பந்து' என்பதில் நகரத்தை அடுத்துத் தகரம் வரப் புள்ளி தானே விழுகிறது. இன எழுத்து மயக்கம் அறிந்தவர்க்கு இது விதி, அறியாதார்க்கு மனப்பாடம். இன எழுத்து இணைகளை வரிசைப்படுத்திய பாடங்கள், விரல்களையும் இலக்கணத்தையும் ஒருங்கே பயிற்றும்.

பேச்சை எழுத்தாக்கும் கருவிகள் வந்தபின் இப்பயிற்சி எதற்கு என்று கேட்கலாம். சுவடிப் பாடத்தையும் பாடவேறுபாட்டையும் எழுத்தெழுத்தாகப் பதிவு செய்யும் பதிப்புப் பணிக்கு அக்கருவிகள் போதா. அங்கு ஒரு நெட்டுயிர் குறிலானாலும் பாடம் மாறும். ஆங்கில எழுத்தொலி வழியே தமிழைத் தட்டச்சிட்டு ஆய்வேடு எழுதும் மாணவர்க்குத் தமிழ் விசைப்பலகையைப் பயிற்றுவது துறைகளின் கடமை. அதற்கான கருவி உரைக்கோப்பு அளவில் எளிமையாக உள்ளது; பாடமும் அளவுகோலும் தமிழறிஞரிடமிருந்தே வரவேண்டும்.