உவர்நிலத்துக் கால்நடைகளும் சரீர சாஸ்திரக் கல்வியும்: எங்கள் நிலைப்பாடு

பழவேற்காட்டு ஏரியில் நீர் சூழக் கிடக்கும் பசியாவரத்திலும் அதனை அடுத்த கிராமங்களிலும், வலையைத் தொழிலாகவும் ஆடு, மாடு, கோழிகளைக் கைமுதலாகவும் கொண்டு வாழும் குடும்பங்களின் சங்கமாகிய நாங்கள், கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பில் வீட்டு விலங்குகளின் சரீர சாஸ்திரம் எவ்வாறு கற்பிக்கப்பட வேண்டும் என்னும் விஷயத்தில் எங்கள் அபிப்பிராயத்தைப் பல்கலைக்கழகத்தார் முன்னும் பொதுமக்கள் முன்னும் வைக்கிறோம். விலங்கின் உடல் தான் குடிக்கும் நீரோடும் தான் மேயும் நிலத்தோடும் ஓயாமல் உறவாடி இயங்குவது. ஆதலால் சென்னையில் அந்தச் சாஸ்திரத்தைப் பயிலும் மாணாக்கர், நன்னீர்ப் பண்ணையின் விலங்குகளோடு நின்றுவிடாமல், உவர்நீர்க் கரையின் விலங்குகளையும் தம் முதலாண்டிலேயே நேரில் அளந்து கற்க வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு.

மீன்பிடிக்கும் ஊராருக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்போர் இருக்கலாம். வலைவீசும் இடங்களை ஊரார் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் பாடு முறையில் தங்கள் முறை வராத நாட்களிலும், முகத்துவாரம் மணலால் தூர்ந்து ஏரியில் மீன்வரத்து குன்றும் மாதங்களிலும், மீன்பிடிக் குடும்பங்களிலும் இருளர் குடியிருப்புகளிலும் அடுப்பெரிவதற்கு ஓர் ஆட்டின் விலையோ ஓர் எருமையின் பாலோ ஆதாரமாய் நிற்பதை இக்கரையில் வாழ்ந்தோர் அறிவர். பள்ளிக்கட்டணமும் பிரசவச் செலவும் பல வீடுகளில் கொட்டிலிலிருந்தே வருகின்றன. அந்தக் கொட்டிலைப் பராமரிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். இந்த அறிக்கையின் பெரும்பகுதி அவர்கள் கேட்ட கேள்விகளிலிருந்து உருவானது.

ஏரியின் இயல்பைச் சொல்லாமல் எங்கள் கோரிக்கையை விளக்க இயலாது. சில்காவுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகிய இது, ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வடகிழக்குப் பருவமழையாலும் ஆரணியாற்று வெள்ளத்தாலும் நன்னீர் கலந்து இளகி, தை கழிந்தபின் படிப்படியாக உப்பேறி, கோடையில் முகத்துவாரம் அடைபட்டால் லிட்டருக்கு 35 கிராம் உப்புள்ள கடல்நீரையும் மிஞ்சிய கரிப்பை அடைந்துவிடுவதுண்டு. கரையோரக் கிணறுகளும் இந்தச் சுழற்சிக்குப் புறம்பானவை அல்ல. உமரியையும் அலையாத்தித் தழையையும் வேலிக்காத்தான் நெற்றையும் மேய்ந்து, தையில் ஒரு சுவையும் வைகாசியில் வேறொரு சுவையும் உள்ள நீரைக் குடித்து வாழும் ஓர் ஆட்டின் உடலுக்குள் ஒவ்வொரு பருவத்திலும் என்ன நிகழ்கிறது என்பது சரீர சாஸ்திரத்தின் மையமான கேள்வி அல்லவா?

உப்பு மிகுந்த நீர் வயிற்றில் இறங்கியதும் இரத்தத்தின் உப்புச்செறிவு உயர்கிறது. மூளையின் அடிப்பகுதியில் அதனை உணரும் கேந்திரம் தாகத்தைத் தூண்டி, பிட்யூட்டரி சுரப்பியின் வழியே வாசோபிரெசின் என்னும் ஹார்மோனை வெளிப்படுத்துகிறது. அதன் ஏவலால் சிறுநீரகம் நீரைக் காத்துக்கொண்டு உப்பை மட்டும் செறிவாக வெளியேற்ற முயல்கிறது. செம்மறியின் சிறுநீரகம் மனிதனுடையதைப் போல் இரு மடங்குக்கும் மேலான செறிவில் சிறுநீரைப் பிரிக்கவல்லது. அசையூண் விலங்குகளின் பெருவயிறோ ஒரு நீர்த்தேக்கம். வளர்ந்த பசுவின் வாயில் நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கும் மேற்பட்ட உமிழ்நீர் சுரந்து, தன் சோடியத்தோடு அதற்குள் இறங்கி மீண்டும் இரத்தத்தில் சேர்கிறது. இத்தனை ஏற்பாடுகள் இருந்தும் ஒவ்வொரு ஜீவனுக்கும் ஓர் எல்லை உண்டு. வளர்ந்த செம்மறி லிட்டருக்குச் சுமார் 10 கிராம் உப்பைத் தாங்கும் என்றும், 20 கிராம் அளவில் தீவனம் குறைந்து நலிவுறும் என்றும் ஆஸ்திரேலியப் பரிசோதனைகள் காட்டின. கோழிக்கோ 3 கிராமைத் தாண்டினாலே எச்சம் நீர்த்துப்போகத் தொடங்கும். 5 கிராமுக்கு மேல் வளர்ச்சியும் முட்டையும் பாதிக்கப்படும்.

இந்தக் கடைசிச் செய்தியில் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு இருக்கும் அக்கறை அளவிட முடியாதது. கோடையில் கோழிகள் நீராய்க் கழிந்தால், அது வெள்ளைக்கழிச்சல் நோயின் தொடக்கமா, குடிநீரின் உப்பா என்னும் கேள்விக்கு விடை தெரியாமல் மருந்துக்குப் பணம் செலவழிகிறது. நோயாயின் கூட்டத்தைப் பிரித்துக் காக்க வேண்டும், உப்பாயின் தண்ணீர்த் தொட்டியை மாற்றினால் போதும். இரண்டையும் பிரித்தறியும் கண் நோயியல் வகுப்பில் மட்டும் பிறப்பதன்று. நோயற்ற உடல் உவர்நீரில் எப்படி இயங்கும் என்பதை முதலில் பயின்றவனுக்கே அது வாய்க்கும்.

டியூக்ஸ் எழுதி 1933-இல் அமெரிக்காவில் முதற்பதிப்புக் கண்ட வீட்டு விலங்குகளின் சரீர சாஸ்திர நூல், இன்றளவும் பல தலைமுறை மாணாக்கரின் கைநூலாய் விளங்குவது. அதன் மேன்மையை நாங்கள் மதிக்கிறோம். ஆயினும் அத்தகைய நூல்களில் இயல்பு என்று குறிக்கப்படும் வெப்பநிலையும் சுவாச எண்ணிக்கையும் இரத்த அளவுகளும் பெரும்பாலும் குளிர்நாட்டு இனங்களில், நன்னீர் அருந்திய விலங்குகளில் எடுக்கப்பட்டவை. அந்த இயல்பு திருவள்ளூர் மாவட்டத்திலும் மேயும் சென்னைச் சிவப்பு என்னும் செம்மறிக்கு, கம்பளமின்றி மயிரே போர்வையாய் வெயிலில் அலையும் அந்த இனத்துக்கு, எவ்வளவு பொருந்தும் என்பது அளந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டிய விஷயம். வியர்வைச் சுரப்பிகள் பசுவைவிட மிகக் குறைவாய், கருந்தோலால் வெயிலை உறிஞ்சும் எருமைக்கு நீரில் கிடப்பது உயிர்க்காப்பு. அது கிடக்கும் நீர் உவராயிருந்தால் என்ன மாறுபாடு என்பதும் அப்படியே.

இடம் உடலை எவ்வளவு தூரம் மாற்றியமைக்கும் என்பதற்கு அயலிலே அரிய திருஷ்டாந்தங்கள் உள்ளன. ஒடிசாவின் சில்கா ஏரிக்கரை எருமைகள் மாலையில் ஏரிக்குள் இறங்கி, இரவெல்லாம் நீர்ப்பூண்டுகளை மேய்ந்து, உவர்நீரையே அருந்திக் காலையில் கரையேறுகின்றன. அவை தனி இனமாகவே பதிவு பெற்றுள்ளன. ஸ்காட்லாந்தின் வடக்கிலுள்ள நார்த் ரொனால்ட்சே தீவில் 1832-இல் எழுந்த கல்மதிலுக்கு வெளியே கடற்பாசியை உண்டு வாழும் செம்மறிகள், செம்பு குறைந்த அந்த உணவிலிருந்து செம்பை மிகத் திறமையாய் ஈர்த்துக்கொள்ளப் பழகியதால், சாதாரணப் புல்லில் மேய்ந்தால் செம்பு நஞ்சேறி மடியும் அபாயத்துக்கு உள்ளாகின்றன. பிற ஆடுகளுக்குப் பத்தியமானது இவற்றுக்கு விஷமாகும் இந்த விந்தையை, எந்தப் பொது அட்டவணை முன்கூட்டிச் சொல்லியிருக்கும்?

எங்கள் ஏரியே ஒரு வகுப்பறையாகத் தகுதி உடையது என்பதற்குப் பறவைகள் சாட்சி. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஷ்மிட்-நீல்சன், கடற்பறவைகளின் கண்ணுக்கு மேலுள்ள ஒரு சுரப்பி இரத்தத்து உப்பைச் செறிவான திரவமாக்கி மூக்கின் வழியே வெளியேற்றுவதை 1950-களின் பிற்பகுதியில் கண்டறிந்தார். பழவேற்காட்டுக்கு வரும் பூநாரைக்கு அந்தச் சுரப்பி உண்டு. வாத்துக்கும் உண்டு, உப்புநீரில் வளர்க்கப்பட்டால் அது பருத்து வேலை செய்யும். முற்றத்துக் கோழிக்கோ அவ்வசதி இல்லை. ஏரியில் பூநாரை, கரையில் வாத்து, வாசலில் கோழி என மூன்றையும் ஒரே பார்வையில் காட்டி, வாத்து பிழைக்கும் நீரில் கோழி ஏன் நலிகிறது என்று ஓர் ஆசிரியர் விளக்கினால், அந்தப் பாடத்தை எந்த மாணாக்கன் மறப்பான்?

சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் சைதாப்பேட்டையில் தொடங்கி வேப்பேரியில் நிலைபெற்றது; 1936-இல் நாட்டிலேயே முதன்முதலாகக் கால்நடை மருத்துவத்துக்குப் பட்டம் வழங்கத் தொடங்கிய பெருமை அதற்கு உண்டு. 1989-இல் கால்நடைக்கெனத் தனிப் பல்கலைக்கழகமும் இம்மாநிலத்தில் எழுந்தது. வேப்பேரியிலிருந்து பழவேற்காடு சுமார் 60 கிலோமீட்டர் தொலைவே. பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருப்பதால் ஏரியின் மீனுக்கும் இறாலுக்கும் அறிவுத்துணை அருகிலேயே கிடைத்திருக்கிறது. அதே கரையில் மேயும் ஆட்டுக்கும் எருமைக்கும் அத்தகைய துணை வேண்டும் என்கிறோம்.

பாடத்திட்டம் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சிலின் விதிகளால் நாடு முழுவதற்கும் ஒரே சீராய் வகுக்கப்பட்டது, அதில் ஓர் ஏரிக்கு மட்டும் தனி அத்தியாயம் சேர்க்க இயலாது என்ற ஆட்சேபம் நியாயமானதே. நாங்கள் புதிய அத்தியாயம் கேட்கவில்லை. இருக்கும் செய்முறை நேரத்தில் ஒரு பகுதியை, மழைக்குப்பின் ஒருமுறையும் கடுங்கோடையில் ஒருமுறையுமாக, இக்கரையில் செலவிடக் கேட்கிறோம். பயிற்சிக்காலத்திலோ மேற்படிப்பிலோ இதைச் செய்யலாமே என்பாரும் உளர். இயல்பு எது என்னும் கருத்து முதலாண்டில் மனத்தில் ஊன்றிவிட்டால், பின்னர் அதை அசைப்பது கடினம் என்பது எங்கள் உறுதியான எண்ணம். பறவைச் சரணாலயத்தை ஒட்டிய இப்பகுதியில் இதற்காகக் கட்டடம் எதுவும் எழ வேண்டாம். நிழல்தரும் ஒரு மரமும் எங்கள் கொட்டில்களும் போதும். வெப்பமானியால் உடற்சூடு பார்ப்பதும், விலாவின் அசைவால் சுவாசத்தை எண்ணுவதும், இடப்பக்க வயிற்றுக்குழியில் கைவைத்துப் பெருவயிற்றின் இயக்கத்தை உணர்வதும், இறால் பண்ணைக்காரர் உப்பளவு பார்க்கும் கைக்கருவியின் தத்துவத்திலேயே அமைந்த கருவியால் சிறுநீரின் அடர்த்தியை அறிவதும் விலங்குக்குத் துன்பம் இழைக்காத செயல்கள். எங்கள் விலங்குகளைத் தாகத்தில் வைத்துப் பார்க்கும் சோதனைக்கும், அறுத்துப் பார்க்கும் சோதனைக்கும் இச்சங்கம் ஒருபோதும் இணங்காது. இரத்தம் எடுப்பது வளர்ப்பவர் சம்மதித்தால் மட்டுமே, ஆசிரியர் முன்னிலையில் மட்டுமே நடைபெற வேண்டும்.

எங்கள் கொட்டில்களைத் திறந்துவிடுவதற்கு ஈடாக நாங்கள் கேட்பது ஒன்றே. எடுக்கப்படும் ஒவ்வோர் அளவும், விலங்கு அன்று குடித்த நீரின் உப்பளவோடு சேர்த்துத் தமிழில் எழுதப்பட்டு, ஒரு பிரதி அதை வளர்க்கும் பெண்மணியின் கையிலும், மற்றொன்று அரசு கால்நடை மருந்தகத்திலும் சேர வேண்டும். அடுத்த பருவத்தில் வரும் மாணாக்கர் அந்த ஏட்டைப் படித்துவிட்டே தம் அளவைத் தொடங்க வேண்டும்.