தரகர் யாருடைய ஆள்?

விற்பவரிடமும் கொமிஷன், வாங்குபவரிடமும் கொமிஷன். இப்படி இரு பக்கமும் பெறும் தரகர் யாருக்காக விலை பேசுவார்? விற்பனை விரைவில் முடிவதே அவருக்கு இலாபம்; விலை சற்று உயர்வதால் அவருக்குக் கூடுதலாகக் கிடைப்பது சொற்பம்.

கனடாவின் ஒன்ராறியோவில் ஒரே முகவர் இரு தரப்புக்காகவும் செயற்படுவதாயின் இருவரது எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். அங்கே வீடு விற்கையில் பக்கம் பக்கமாக வாசித்துக் கையொப்பமிடும் எம்மவர், யாழ்ப்பாணத்தில் பெற்றோர் கட்டிய வீட்டைத் தொலைபேசியிலேயே தரகரிடம் ஒப்படைக்கின்றனர். போதாக்குறைக்கு அற்றோர்ணித் தத்துவத்தையும் எழுதிக் கொடுக்கின்றனர்! ஆள் தேடித் தருபவருக்கு உறுதி முடிக்கும் அதிகாரம் எதற்கு?

தேசவழமைக்கு உட்பட்ட காணியில் பிரிக்கப்படாத பங்கை விற்பதாயின், உடன்பங்காளிகளுக்கு வாங்கும் முன்னுரிமை உண்டு. 1947ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் சொல்வது அது. பங்குள்ள சகோதரிக்கு அறிவிக்காமல் விற்றால் வழக்கைச் சந்திக்கப்போவது தரகரல்லர், நீங்களும் வாங்கியவருமே.

தரகரே வேண்டாம் என்பதன்று என் வாதம். ஆள் தேடுவது அவர் தொழில். அதற்குரிய கூலியைக் கொடுங்கள். ஆனால், ஆகக்குறைந்த விலையையும் கொமிஷனையும் முன்கூட்டியே எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நொத்தாரிசை நீங்களே தெரிவு செய்யுங்கள். அற்றோர்ணித் தத்துவத்தை மட்டும் தரகர் கையில் கொடாதீர்கள்.