பெற்றவர் பொறுப்பும் உபதேசிகள் பொறுப்பும்

"பெற்றவன் சோறு போடட்டும், அரசாங்கம் எதற்காகப் போட வேண்டும்?" என்றொரு கேள்வி தேநீர்க் கடைப் பலகையிலிருந்து தொலைக்காட்சி மேடை வரை உலவி வருகிறது. பிள்ளைக்குக் காலைச் சிற்றுண்டி, நண்பகலில் சோறு, தாய்க்கு மாதம் 1,000 ரூபாய் என்று வாரி வழங்கினால் பெற்றோரின் பொறுப்புணர்ச்சி மழுங்கிவிடுமாம். கேட்பதற்கு நீதியாய்த்தான் இருக்கிறது. சொல்லுகிறவர் வயிறும் நிறைந்துதான் இருக்கிறது.

தோழர்களே, இந்த உபதேசம் புதிதன்று. 1953இல் இராஜாஜியின் அரசு, கிராமத்துத் தொடக்கப் பள்ளி நேரத்தைச் சுருக்கி, மிச்சப் பொழுதில் பிள்ளை வீட்டிலிருந்து பெற்றோர் தொழிலைப் பழகட்டும் என்றது. அன்றும் முன்னிறுத்தப்பட்டது குடும்பத்தின் பெருமைதான். செருப்புத் தைப்பவன் மகன் செருப்புத் தைப்பதும், துணி வெளுப்பவன் மகன் துணி வெளுப்பதும் அந்தப் பெருமைக்குள் அடக்கம் என்பதை மட்டும் உரக்கச் சொல்லவில்லை. குலக்கல்வி என்று நாடு அதற்குப் பெயரிட்டுக் கொதித்தெழுந்தது. 1954இல் காமராசர் பொறுப்பேற்றதும் அத்திட்டம் ஒழிந்தது. 1956இல் பள்ளியிலே மதிய உணவு வந்தது.

காமராசரின் பெயர் வந்ததால் ஒன்று நினைவுக்கு வருகிறது. இன்றைய விருதுநகர் மாவட்டம் சென்னை இராஜ்யத்துக்கு இரண்டு முதலமைச்சர்களைத் தந்தது. இராஜபாளையத்துக் குமாரசாமி ராஜா சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து பாட்டியின் ஆதரவில் வளர்ந்தவர். விருதுநகர்க் காமராசரும் தந்தையைச் சிறுவனாக இருக்கையிலேயே இழந்தவர்தான். முன்னவருக்குச் சொத்து இருந்தது. பிற்காலத்தில் தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்துவிடும் அளவுக்கு இருந்தது. மனமும் இருந்தது, மறுக்கவில்லை. பின்னவர் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுக் கடைக்கு வேலைக்குப் போனார். இரு வீட்டிலும் தகப்பன் இல்லை. ஒரு பிள்ளை படித்ததும் மற்றொரு பிள்ளை நின்றதும் எந்தப் பெற்றோரின் பொறுப்பின்மையால்? உபதேசிகள் சொல்லட்டும்!

இராஜபாளையம் 1936 முதல் நூற்பாலைச் சங்கு கேட்டுப் பழகிய ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யப்படும் கட்டுத்துணி எங்கெங்கோ உள்ள மருத்துவமனைகளில் யார் யார் காயத்தையோ கட்டுகிறது. அந்த ஆலைக்கும் தறிக்கும் விடியுமுன் புறப்படுகிற தாய், அடுப்பு மூட்டுவது எப்போது, பிள்ளைக்குத் தலைவாரிச் சோறூட்டுவது எப்போது? அவள் பொறுப்பற்றவள் என்று சொல்ல நா எழுகிறதா? 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியபோது 1,545 பள்ளிகளில் ஒரு இலட்சத்துப் பதினான்காயிரம் குழந்தைகளுக்குச் சிற்றுண்டி கிடைத்தது. மறு ஆண்டு ஆகஸ்டு 25இல் அது மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. அப்போது ஒரு நாளேடு பள்ளிக் கழிப்பறையைச் சுட்டிக் கேலித் தலைப்புப் போட்டது. ஏழைப் பிள்ளை இரண்டு வேளை உண்டதைப் பார்த்து முகம் சுளித்த அந்த நாகரிகத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத எமக்கு மனமில்லை.

இதே உபதேசிகள், தமிழ்நாட்டின் நூற்பாலைகள் பலவற்றில் 'சுமங்கலி' என்று மங்கலப் பெயர் சூட்டிச் சிறுபெண்களை விடுதியில் அடைத்து வேலை வாங்கி, ஆண்டுகள் கழித்துக் கலியாணச் செலவுக்கென ஒரு தொகையைக் கையில் வைத்தபோது என்ன சொன்னார்கள்? பெற்றோரின் பொறுப்பு எங்கே என்று ஆலை வாசலில் நின்று கேட்டதுண்டா? குடும்பத்துக்கு உதவும் குணவதி என்றல்லவா அந்தப் பெண்ணைப் புகழ்ந்தார்கள்!

சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் குழந்தைகள் உழைப்பது பற்றிய வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பை உபதேசிகள் ஒருமுறை படிக்கலாம். சட்டத்தை மீறி வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்தக் குடும்பத்தில் வயது வந்த ஒருவருக்கு அரசு வேலை தேடித் தர வேண்டும், இயலாவிட்டால் 5,000 ரூபாய் நிதியில் சேர்க்க வேண்டும். அதன் வருவாய் குடும்பத்துக்குச் சேரும். பிள்ளையைப் படிக்க அனுப்பாவிட்டால் நின்றுபோகும். வரிசையைக் கவனியுங்கள். முதலில் முதலாளி, அடுத்து அரசு, அதன் பிறகே பெற்றோர். பெற்றோருக்குக் கடமை இல்லை என்று நீதிமன்றம் சொல்லவில்லை. கையில் வழியைக் கொடுத்துவிட்டுக் கடமையைக் கேட்டது. தீர்ப்பு எவ்வளவு நிறைவேறிற்று என்பது வேறு கதை. பெருமைப்பட ஏதுமில்லாத கதை.

எதிரி சொல்வதில் உண்மையே இல்லை என்று சாதிப்பது நமக்கு அழகன்று. 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர்க்கு 1,000 ரூபாய் வழங்கப்பட்டபோது, "உனக்குத்தான் அரசாங்கம் தருகிறதே" என்று வீட்டுச் செலவில் தன் பங்கைக் குறைத்துக்கொண்ட கணவன்மார் உண்டு. கூலியில் பாதியை மதுக்கடையில் வைத்துவிட்டு வருகிறவனும் உண்டு. அந்தக் கடையைத் தனியாரிடமிருந்து எடுத்து, 2003 முதல் தானே நடத்தத் தொடங்கியது எது? அரசாங்கம்! தாயின் கையில் கொடுத்ததைத் தந்தையின் பையிலிருந்து வாங்கிக்கொள்ளும் கணக்கை எந்த ஆட்சி நடத்தினாலும் நாம் கண்டிக்கத்தான் வேண்டும். ஆனால், தகப்பன் குடிகாரன் என்பதற்காகப் பிள்ளையின் தட்டைப் பிடுங்கு என்பது எந்த ஊர் நியாயம்?

பொறுப்பற்ற தகப்பனைப் பிடிக்கச் சட்டம் இல்லாமலா இருக்கிறது? மனைவிக்கும் பிள்ளைக்கும் சோறு போடாதவனை மாதாமாதம் பணம் கட்டச் செய்யும் பிரிவு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே உண்டு. 1955இல் அந்தத் தொகைக்கு மாதம் 500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள். 1973இல் சட்டத்தையே புதிதாக எழுதினார்கள்; 500 அப்படியே நின்றது. 2001இல்தான் வரம்பு நீங்கிற்று. நாற்பத்தாறு ஆண்டுகள்! அரிசி விலை ஏறிற்று, தங்கம் விலை ஏறிற்று, சட்டமன்ற உறுப்பினர் சம்பளம் ஏறிற்று. கைவிட்ட தகப்பன் கட்ட வேண்டிய தொகையின் வரம்பு மட்டும் ஏறவில்லை. அந்த நாற்பத்தாறு ஆண்டுகளில் பெற்றோர் பொறுப்பைப் பற்றி உபதேசிகள் மேடை போட்டதாக நமக்கு நினைவில்லை.

2024 ஜூலை 1 முதல் அந்தப் பிரிவு புதிய சட்டத்தில் 144 என்ற எண்ணுடன் இருக்கிறது. பிள்ளை மணவாழ்வில் பிறந்ததா இல்லையா என்ற பேதம் அதில் கிடையாது. மனு போட்ட நாள் முதலே தொகை கணக்கிடப்பட வேண்டும் என்று 2020 நவம்பரில் உச்சநீதிமன்றம் வழிகாட்டியது. ஆணையை மீறுகிறவனைச் சிறைக்கு அனுப்பலாம். இவ்வளவும் ஏட்டில் உண்டு. ஏட்டிலிருந்து தட்டுக்கு வருவது எப்படி?

மாவட்ட நீதிமன்றம் விருதுநகரில் இல்லை, திருவில்லிபுத்தூரில் இருக்கிறது. இராஜபாளையத்துத் தாய் ஒருத்தி ஒரு வாய்தாவுக்குப் போனால் அன்றைய கூலி போயிற்று. பேருந்துக் கட்டணமும் சேர்ந்து பயமுறுத்திய காலம் ஒன்று இருந்தது. 2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆணை வந்தது. ஓடிப்போன தகப்பனைத் தேடி நீதிமன்றப் படியேறப் போகிறவளுக்கு அந்த 'இலவசம்' கைகொடுக்குமென்றால், பெற்றோர் பொறுப்பை வளர்ப்பது எது, மழுங்கடிப்பது எது? அதோடு பள்ளியில் பிள்ளைக்கு ஒரு வேளை சோறு உறுதி என்றால்தான் அவள் வழக்கைப் பாதியில் விடாமல் நிற்க முடியும். பட்டினி கிடப்பவள் கிடைத்ததற்குச் சமரசம் செய்துகொண்டு திரும்பிவிடுவாள். எதிர்த் தரப்பு எதிர்பார்ப்பதும் அதைத்தான்.

கடைசியாக, நம் வீட்டுச் செய்தி. கொடி பிடித்து, பெண்ணுரிமைத் தீர்மானத்துக்குக் கை தூக்கிவிட்டு, ஊரில் பெற்ற பிள்ளைக்குப் பணம் அனுப்பாதவர் நம் அணியிலும் இருக்கிறார்கள். அவர்களைக் கிளைக் கூட்டத்தில் எழுப்பிக் கேளுங்கள். அதில் தயவு தாட்சண்யம் வேண்டாம். கைவிடப்பட்ட தாய்மாரைத் திருவில்லிபுத்தூர் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்ணுக்கு வருமானம் பாராமல் வழக்கறிஞர் உதவி இலவசம். நிலுவைத் தொகைக்குப் பிடிவாரண்டு கேட்பதானால் அது சேர்ந்த ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். பலர் இதை அறியாமல் பணத்தை இழக்கிறார்கள். இந்தக் கெடுவைத் தெருமுனைக் கூட்டங்களில் சொல்லுங்கள். ஆலை வாசலில், ஷிப்டு விடும் நேரத்தில் சொல்லுங்கள்.