மாலை வாங்குவதற்கு முன்னால்

நம் வயதுக்காரர்கள் வெளியூர் கிளம்புவதற்கு இப்போது மூன்று காரணங்கள்தான் இருக்கின்றன. கோயில், ஆஸ்பத்திரி, சாவு. உறவுக்காரர் ஒருவரைச் சும்மா போய்ப் பார்த்துவிட்டு வருவது என்று முன்பு ஒன்று இருந்தது. அது எந்த வருஷத்தில் நின்றுபோனது என்று யோசித்துப் பார்த்தேன். என் வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

நான் சொல்ல வருவது இதுதான். கூடப்பிறந்தவர்கள் உயிரோடு இருக்கிறவரை வருஷத்தில் ஒரு நாளாவது ஒரே வண்டியில் ஏறி, வயதான உறவுக்காரர் ஒருவரைப் பார்த்துவிட்டு வரவேண்டும். பிள்ளைகள், மருமகள்கள், பேரன் பேத்திகள் வேண்டாம். தனித்தனியாகப் போவதும் வேண்டாம். கூடப்பிறந்தவர்கள் மட்டும், சேர்ந்து. நான்கு பேரைப் பெற்ற வீட்டில் ஒவ்வொருவரும் சௌகரியப்பட்டபோது தனித்தனியாகப் போனால் அது நாலு விசாரிப்பு, அவ்வளவுதான். சேர்ந்து போனால் வேறு ஒன்று நடக்கிறது. போன மார்கழியில்தான் அது எனக்குப் புரிந்தது.

அக்காவுக்கு 78, எனக்கு 74, தம்பிக்கு 70, தங்கைக்கு 67. அப்பாவின் தங்கை, எங்கள் அத்தை, காரைக்காலுக்குத் தெற்கே திருமலைராயன்பட்டினத்தில் இருக்கிறாள். வயது 91. புதுச்சேரியிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர்தான். காலையில் போய் இரவு திரும்பிவிடலாம். ஆனாலும் நாங்கள் கடைசியாக அந்த வீட்டு வாசலை மிதித்தது அத்தை மகன் இறந்தபோது. அன்றைக்கு மாலையைப் போட்டோம், ஒரு மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்தோம், வந்துவிட்டோம். அதற்கப்புறம் எட்டு வருஷம்.

இதில் மற்றவர்களைவிட என் குற்றம்தான் அதிகம். 1979 முதல் 1982 வரை காரைக்காலில் எனக்கு வேலை. புதுச்சேரி அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவர்களுக்குத் தெரியும், காரைக்காலுக்கு மாற்றல் என்றாலே முகம் சுருங்கும். மாஹே, யானம் இல்லையே என்று மனசைத் தேற்றிக்கொண்டு போவோம். அந்த மூன்று வருஷமும் அத்தை வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை. வாடகை என்று கொடுத்த பணத்தை ஒரு நாளும் வாங்கவில்லை. ரிடையர் ஆன பிறகு எனக்கு நேரம் இல்லை என்று சொல்லவும் வழியில்லை. போகவில்லை, அவ்வளவுதான்.

கிளம்பவைத்தவள் அக்கா. "அத்தையப் பாக்கணும். நாலு பேரும் போகணும். நீங்க ரெண்டு பேரும் பேசறீங்களோ இல்லையோ, வண்டில ஏறுங்க" என்றாள். நீங்க ரெண்டு பேரும் என்றது என்னையும் தம்பியையும். அப்பா கட்டிய வீட்டின் மாடியை அவன் என்னைக் கேட்காமல் வாடகைக்கு விட்டான். அதிலிருந்து ஆறு வருஷம் நாங்கள் பேசியதெல்லாம் வக்கீல் மூலமாகத்தான்.

மார்கழியைத் தேர்ந்தெடுத்ததும் அக்காதான். யோசித்துப் பார்த்தால் அதில் நியாயம் இருக்கிறது. மார்கழியில் கல்யாணம் இல்லை, கிரகப்பிரவேசம் இல்லை. யாரும் பத்திரிகையோடு வந்து நம் தேதியைப் பிடிக்கமாட்டார்கள். வெயில் இல்லாததால் நம் வயதுக்கு உடம்பும் தாங்கும். மழை, புயலை மட்டும் பார்த்துக்கொள்ளவேண்டும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரியையும் கடலூரையும் என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினோம். வண்டி தம்பியுடையது, ஓட்டுவதற்கு ஒரு பையனைப் பேசியிருந்தான். தம்பி முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தான். நாங்கள் மூவரும் பின்னால். கடலூர் தாண்டும்வரை அக்காவும் தங்கையும் மட்டும் பேசினார்கள். சிதம்பரத்துக்கு வெளியே காபி குடித்தபோது நாலு பேரும் மாத்திரை டப்பாவைத் திறந்தோம். டிரைவர் பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டது தெரிந்தது. கொள்ளிடம் பாலத்தில் பனி விலகவில்லை. வண்டி மெதுவாகப் போனது.

அங்கேதான் அக்கா பழைய கதையை எடுத்தாள். 1954 நவம்பர் 1 வரை புதுச்சேரியும் காரைக்காலும் பிரெஞ்சுக்காரர் கையில், நடுவில் இருப்பதெல்லாம் இந்தியா. ஒரு பிரெஞ்சு ஊரிலிருந்து இன்னொரு பிரெஞ்சு ஊருக்குப் போகவேண்டுமானால் கஸ்டம்ஸ்காரர்கள் மூட்டையைப் பிரிப்பார்கள். ரயிலில் விழுப்புரம் போய், மாயவரம், பேரளம் என்று மாறி மாறிப் போகவேண்டும். புதிதாகக் கல்யாணமாகிப் போன அத்தைக்கு அப்பா ஒரு பிரெஞ்சு செண்ட் புட்டி வாங்கியிருந்தாராம். ஆறு வயது அக்காவின் பாவாடை மடிப்பில் அதைச் செருகி, "தூங்கற மாதிரி இரு" என்றாராம். அந்தப் பயத்தில் அக்கா நிஜமாகவே மூத்திரம் போய்விட்டாளாம். செண்டு தப்பியது. அப்பா அப்படியெல்லாம் செய்வார் என்பது எனக்குப் புதுச் செய்தி. எங்களுக்குத் தெரிந்த அப்பா சிரிக்காதவர்.

என்னிடமும் ஒரு கதை இருந்தது. நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளிக்கூடம். வருஷம் பிறப்பதற்கு முன்னால் உறவினர் ஒருவருக்கு வாழ்த்துக் கடிதம் எழுதச்சொல்வார் வாத்தியார். 1961 கடைசியில் நான் அத்தைக்கு எழுதினேன், பிரெஞ்சில். அத்தைக்கு அதில் ஓர் எழுத்தும் தெரியாது. சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து பென்ஷனில் வந்த பக்கத்து வீட்டுத் தாத்தா படித்துச் சொன்னாராம். பல வருஷம் கழித்து நான் அங்கே தங்கியபோது அத்தை அந்தக் காகிதத்தை அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் காட்டினாள்.

ஒன்பதரைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அத்தை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள், தெரியவில்லை. மூன்று வருஷம் அவள் கையால் சாப்பிட்டவன் என்று சொன்னேன். தலையை ஆட்டினாள், மரியாதைக்கு. அக்காவையும் தங்கையையும் யாரோ பட்டினத்துப் பெண்கள் என்று நினைத்தாள். தம்பி கடைசியாக உள்ளே வந்தான். அவனுக்கு அப்பாவின் முகம், அதே நெற்றி, அதே வழுக்கை. அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வந்துட்டியா அண்ணே" என்றாள். பிறகு சத்தமாக, "எம் பொண்ணு கல்யாணத்துக்கு வரலியே நீ. பந்தல்ல எல்லாரும் கேட்டாங்க. நான் என்னா பதில் சொல்லுவேன்?"

எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தக் கல்யாணம் நடந்தது 1976இல். தம்பி ஒரு நிமிஷம் நின்றான். பிறகு கட்டில் அருகில் போய்த் தரையில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "தப்புதாம்மா. வந்திருக்கணும். மனசுல வெச்சுக்காத" என்றான். அத்தை அவன் தலையைத் தடவினாள். அப்புறம் அன்று முழுவதும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

திரும்பும்போது அக்காவுக்குத் தலை சுற்றியதால் முன்சீட்டைக் கொடுத்துவிட்டுத் தம்பி பின்னால் வந்தான். தங்கை ஓரத்தில் உட்கார்ந்ததால் அவன் என் பக்கத்தில் உட்காரவேண்டியதாயிற்று. தரங்கம்பாடி தாண்டியதும் அக்கா சொன்னாள்: "பத்திரிகை தபால்ல வந்துச்சு. நேர்ல வெக்கல. அப்ப மாமாவுக்கு உடம்பு சரியில்ல, அத்தையால வரமுடியல. அப்பாவுக்கு அது புரியல." தங்கை சொன்னாள்: "அம்மா யாருக்கும் தெரியாம ஒரு வெள்ளிக் கிண்ணம் குடுத்தனுப்பினாங்க. எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிட்டாங்க." நான் காரைக்காலிலிருந்து லீவில் வரும்போதெல்லாம் அப்பா, "அங்க எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்பார். பதிலுக்குக் காத்திருக்காமல் பேப்பரை எடுத்துக்கொள்வார். அதையும் சொன்னேன்.

கடைசியில் தம்பி சொன்னான். "1994ல அப்பா ஆஸ்பத்திரில இருந்தப்ப ஒரு ராத்திரி, பட்டினத்துக்கு ஒரு தடவ போய்ட்டு வரணும்னார். ஜுரத்துல சொல்றார்னு நெனச்சேன்." நாலு நாளில் அப்பா போய்விட்டார். அத்தை வந்தாள், மாலையோடு.

ஒரு தபால் உறைக்காக அண்ணனும் தங்கையும் பதினெட்டு வருஷம் பார்த்துக்கொள்ளவில்லை. அந்தக் கோபத்துக்கு நடுவில்தான் அத்தை எனக்கு மூன்று வருஷம் சோறு போட்டிருக்கிறாள். ஒரு வார்த்தை என்னிடம் சொல்லவில்லை. இந்த விஷயம் முழுதாக எங்களில் யாரிடமும் இல்லை. ஆளுக்குக் கால் பங்கு வைத்திருந்தோம். தனித்தனியாகப் போயிருந்தால் அத்தை சொன்னதைக் கிழவியின் பிதற்றல் என்று விட்டிருப்போம். சேர்ந்து போகவேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

இதற்கு மறுப்பாக மூன்று சொல்வார்கள்.

போனில் முகம் பார்த்தே பேசலாமே என்பார்கள். பேசலாம். ஆனால் காது மந்தமானவர்களுக்கும் நினைவு தப்பியவர்களுக்கும் அந்தச் சின்னக் கண்ணாடியில் தெரிவது யாரோ ஒரு ஆள். அத்தை அண்ணனை அடையாளம் கண்டது தம்பி எதிரில் வந்து நின்றதால். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி காரைக்கால் கரையைத் தாக்கியபோது போன் கிடைக்காமல் எப்படித் தவித்தோம்! லைன் கிடைத்து, நல்லபடியாக இருக்கிறார்கள் என்று தெரிந்ததும் வைத்துவிட்டோம். போய்ப் பார்த்தோமா?

நாம் போனால் அவர்களுக்குத் தொந்தரவு என்பார்கள். இது உண்மை. முன்னாலேயே சொல்லவேண்டும், இரவு தங்கக்கூடாது, சாப்பாட்டை நாமே கொண்டுபோகவேண்டும். இன்னொன்றும் உண்டு. அங்கே நாம் பார்க்கவேண்டியவர் படுத்திருப்பவர் மட்டும் அல்ல. அத்தையைக் கவனித்துக்கொள்வது மருமகள். அவளுக்கே 60 வயது, புருஷனை இழந்தவள். "வர்றவங்க அத்தைக்கு எப்படி இருக்குன்னு கேப்பாங்க அண்ணே. அதுக்கு பதில் சொல்லிட்டு காபி போட போவேன்" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். தங்கை அவளை எங்கள் வண்டியில் ஏற்றி, காரைக்காலில் இருக்கும் அவள் தங்கை வீட்டுக்கு அனுப்பிவைத்தாள். மூன்று மணி நேரம் நாங்களே அத்தையைப் பார்த்துக்கொண்டோம். குளிப்பாட்டும்போதுதான் அக்காவுக்கும் தங்கைக்கும் அந்த வேலையின் கனம் தெரிந்தது. கிளம்பும்போது பணத்தை மருமகள் கையில்தான் கொடுத்தோம். பழக்கூடையைவிட அது உதவும்.

மூன்றாவது, கூடப்பிறந்தவர்களுக்குள் பேச்சுவார்த்தையே இல்லையே என்பது. அப்படியானால் நீங்கள் கட்டாயம் போகவேண்டும். சமாதானம் ஆகிவிடும் என்று நான் பொய் சொல்லமாட்டேன். மாடி வாடகை விஷயம் இன்னும் தீரவில்லை. ஆனால் இப்போது தம்பி வாரம் ஒரு தடவை வீட்டுக்கு வருகிறான். காபி குடித்துக்கொண்டே நேரில் சண்டை போடுகிறோம். வக்கீல் செலவு மிச்சம். முக்கியமாக, எங்கள் பிள்ளைகள் 40 வருஷம் கழித்து யார் கையையாவது பிடித்துக்கொண்டு எங்களுக்காக மன்னிப்புக் கேட்கவேண்டியிருக்காது என்று நம்புகிறேன்.

ஆபீசில் மாதக் கடைசியில் நிலுவைப் பட்டியல் எழுதுவோம். பதில் போகாத காகிதம் எது, எத்தனை நாளாகக் கிடக்கிறது என்று. அதேபோல் ஒரு தாளில், 80 வயதைத் தாண்டிய உறவுக்காரர்களின் பெயரையும், கடைசியாக நேரில் பார்த்த வருஷத்தையும் எழுதினேன். சாவு வீட்டில் பார்த்ததைக் கணக்கில் சேர்க்கவில்லை. ஐந்து பெயர் வந்தது. மூன்று பேருக்கு எதிரில் வருஷம் எழுத முடியவில்லை, ஞாபகம் இல்லை.

வருகிற மார்கழிக்கு விழுப்புரத்துச் சித்தி என்று முடிவு செய்திருக்கிறோம். அவளுக்கு 86. அக்கா மூட்டுவலியோடுதான் வருவாள், முன்சீட்டு அவளுக்கு. நீங்களும் ஒரு தாள் எடுத்து எழுதிப் பாருங்கள். எழுதி முடித்ததும் உங்கள் தம்பிக்கோ தங்கைக்கோ போன் போடுங்கள்.