முத்திரையை யார் சோதிப்பது?

வயிற்றைக் கட்டி, வாயைக் கட்டிச் சேர்த்த பணத்தை நகையாக்கி ஊருக்கு எடுத்துச் செல்வது மும்பைத் தமிழ்க் குடும்பங்களின் நெடுநாள் வழக்கம். தாராவியிலோ செம்பூரிலோ வாங்கிய சங்கிலி, பல ஆண்டுகள் கழித்துத் திருநெல்வேலியில் வங்கி மதிப்பீட்டாளரின் உரைகல்லுக்குப் போகிறது. மாற்றுக் குறைவு என்று அங்கே தெரிந்தால், விற்ற கடை ஆயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறது. ரசீதோ எங்கே போயிற்று என்று தெரியாது. நஷ்டம் முழுவதும் உழைத்தவன் தலையில் விழுகிறது.

இதைத் தடுக்கவே, விற்பவரும் வாங்குபவரும் அல்லாத மூன்றாமவர் தங்கத்தைச் சோதித்து முத்திரையிடும் ஹால்மார்க் திட்டத்தை இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2000-இல் தொடங்கியது. இருபத்தொரு ஆண்டுகள் அது கடைக்காரர்களின் விருப்பத்திற்கே விடப்பட்டிருந்தது. 2021 ஜூன் 16-இல்தான் முதற்கட்டமாக 256 மாவட்டங்களில் கட்டாயமாயிற்று. எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கத் தனி அடையாளம் இல்லாத ஹால்மார்க் நகைகளைக் கடைகள் விற்க 2023 ஏப்ரல் 1 முதல் தடை வந்தது.

இது வரவேற்கத்தக்க முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. 916 என்ற முத்திரை பெற்ற ஒரு பவுனில், அதாவது 8 கிராமில், சுமார் 7.33 கிராம் சுத்தத் தங்கம் இருக்க வேண்டும். உண்மையில் அது 750 தரமானால் இருப்பது 6 கிராமே. பவுனுக்கு ஒன்றேகால் கிராமுக்கு மேல் பறிபோகிறது.

ஆனால், முத்திரையின் மதிப்பு அதைக் குத்துபவரின் நேர்மையைப் பொறுத்தது. சோதனை நிலையத்துக்கு நகையைக் கொண்டுவருபவரும் கட்டணம் செலுத்துபவரும் நகைக்கடைக்காரரே. எக்ஸ்ரே கருவி நகையின் மேற்பரப்பை மட்டுமே பார்க்கும். உறுதியான முடிவைத் தரும் உருக்கிச் சோதிக்கும் முறை மாதிரிகளுக்கு மட்டுமே செய்யப்படுகிறது. முத்திரைக்குப் பிறகு பழுதுபார்க்கும்போது சேரும் பற்றவைப்பையும் முத்திரை அறியாது. 2021-க்கு முந்திய ஹால்மார்க் நகைகள் இன்றும் செல்லும். ஆனால் அவற்றில் ஒவ்வொரு நகைக்கும் உரிய தனி எண் இல்லை.

ஆகவே வாங்குபவர்களும் விழிப்பாக இருக்க வேண்டும். 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் ஆறு இலக்கத்தைப் பதிந்தால் நகையின் வகையும் தரமும் தெரியும். கையில் இருப்பது மோதிரம், செயலி காட்டுவது சங்கிலி என்றால், அந்த எண் திருட்டு எண். அங்கீகரிக்கப்பட்ட நிலையங்களில் பொதுமக்களே நகையைச் சோதித்துக்கொள்ளலாம். நான்கு நகைகள் வரை 200 ரூபாய் என்று 2022-இல் அறிவிக்கப்பட்டது. தரம் குறைந்திருந்தால், குறைவின் மதிப்பைப் போல் இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் தர வேண்டும் என்று 2018-ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. ரசீதைப் பத்திரப்படுத்தாதவர்களுக்கு இந்த உரிமை ஏட்டுச் சுரைக்காய்தான்.

அமைவனத்தின் கடமை இதனினும் பெரிது. முத்திரையிட்ட நகைகளைக் கடைகளிலிருந்து எடுத்து, வேறு நிலையத்தில் உருக்கிச் சோதித்து, முடிவுகளை ஆண்டுதோறும் மாவட்டவாரியாக, மக்கள் மொழிகளில் வெளியிட வேண்டும். தவறு செய்த நிலையங்களின் பெயரை மறைக்கலாகாது. மக்களின் தங்கத்தை உரசிப் பார்க்கும் முத்திரையும் இடைவிடாமல் உரசிப் பார்க்கப்பட வேண்டும். அப்போதுதான் இருபது ஆண்டுகள் கழித்தும் அது சொன்ன சொல் நிற்கும்.