தார் போடாத சாலைக்கு என்ன விலை?

ஒரு ஊருக்கு வளர்ச்சி வந்துவிட்டது என்பதற்கு முதல் அடையாளம் எது என்று கேட்டால், பத்தில் எட்டுப் பேர் 'தார் ரோடு' என்றுதான் சொல்வார்கள். தேர்தல் வாக்குறுதிகளில் அது இல்லாமல் இருக்காது. ஆனால் "எங்கள் ரோட்டுக்குத் தார் போடாதீர்கள்" என்று சிலர் கிளம்பிய இடம் ஒன்று இருக்கிறது. அவர்கள் மறியல் செய்யவில்லை, கொடி பிடிக்கவில்லை. பழைய சைக்கிளைத் துடைத்து எடுத்து, அந்த ரோட்டிலேயே மிதித்துக் காட்டினார்கள்!

இடம், இத்தாலியின் டஸ்கனி மாநிலம். சியெனா நகருக்கு வடக்கே கியாந்தி மலைப்பகுதியும், தெற்கே களிமண் குன்றுகளும் உள்ளன. இங்கே கிராமத்துக்குக் கிராமம் செல்லும் பல சாலைகளில் இன்றும் தார் கிடையாது. சுண்ணாம்புக்கல் ஜல்லியைப் பரப்பி இறுக்கிய சாலைகள். வெயிலில் வெள்ளை வெளேரென்று இருப்பதால் 'ஸ்த்ராதே பியாங்கே', அதாவது வெள்ளைச் சாலைகள் என்று பெயர். காய்ந்தால் புழுதி, நனைந்தால் சேறு. இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம், ஆலிவ் மரங்கள், வரிசையாக சைப்ரஸ் மரங்கள், மலை உச்சியில் ஒரு கோட்டை. காலண்டரில் பார்த்த படம் போல இருக்கும்.

அந்தப் படத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. டஸ்கனியில் பல நூற்றாண்டுகளாக நடந்த விவசாயம் நம் ஊர் 'வாரம்' போன்றதுதான். நிலமும் வீடும் பண்ணையாருடையது, உழைப்பு குடியானவனுடையது, விளைச்சலில் ஆளுக்குப் பாதி. 'மெட்சாத்ரியா' என்று அதற்குப் பெயர். ஒவ்வொரு குடும்பமும் தான் உழுகிற நிலத்திலேயே குடியிருந்ததால், மலை முழுக்கத் தனித்தனி வீடுகள். அந்த வீடுகளை ஒன்றோடொன்றும் ஊரோடும் இணைக்கத்தான் இத்தனை சின்னச் சின்ன சாலைகள். கீழ்த்தளத்தில் மாடு, மேல்தளத்தில் மனிதர்கள்.

இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு தொழிற்சாலை வேலை தேடி அந்தக் குடும்பங்கள் நகரத்துக்குப் போய்விட்டன. 1964-ல் புதிதாக வார ஒப்பந்தம் போடுவதையே சட்டம் தடை செய்தது. வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஆள் இல்லாத ரோட்டுக்கு யார் தார் போடுவார்கள்? ஆக, இன்று உலகமே ரசிக்கிற அந்தச் சாலைகளை முதலில் காப்பாற்றியது கலை உணர்வு அல்ல, வறுமை. இதை மறந்துவிட்டு டஸ்கனியின் அழகைப் பற்றிப் பேசுவது பாதிக் கதை.

பிறகு வெளிநாட்டுக்காரர்கள் வந்து பாழடைந்த வீடுகளை வாங்கிப் புதுப்பித்தார்கள். 1985-ல் வந்த ஒரு தேசியச் சட்டம், விவசாயிகள் தங்கள் பண்ணையிலேயே விருந்தினர்களைத் தங்கவைத்துச் சம்பாதிக்க வழி செய்தது. பணம் வந்தது. பணம் வந்ததும் தாரும் வர ஆரம்பித்தது.

அப்போதுதான் 1997-ல் ஜான்கார்லோ புரோச்சி என்பவர் காயோலே இன் கியாந்தி என்ற சிற்றூரில் 'லெரோயிகா' என்ற சைக்கிள் ஓட்டத்தைத் தொடங்கினார். முதல் வருடம் வந்தவர்கள் 92 பேர். இது பந்தயம் இல்லை. யார் முதலில் வந்தார் என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் விதி மட்டும் கறார்: சைக்கிள் 1987-க்கு முந்தைய வகையாக இருக்க வேண்டும். கியர் லீவர் சட்டத்தின் கீழ்க்குழாயில், பிரேக் கேபிள் ஹேண்டில்பாருக்கு வெளியே, பெடலில் பழைய வார்ப்பட்டை. நீண்ட பாதை 200 கிலோமீட்டருக்கும் மேல். பார்ப்பதற்கு மாறுவேடப் போட்டி போல இருந்தாலும் நோக்கம் ஒன்றுதான், வெள்ளைச் சாலைகளைத் தாரிலிருந்து காப்பாற்றுவது. இன்று ஆயிரக்கணக்கானோர் வருகிறார்கள். அந்தப் பாதைக்கு நிரந்தர வழிகாட்டிப் பலகைகளே வைத்திருக்கிறார்கள். எந்த மாதத்திலும் யாரும் ஓட்டலாம்.

2007-ல் அதே சாலைகளில் தொழில்முறைப் பந்தயம் ஒன்றும் பிறந்தது. அதுதான் இன்றைய 'ஸ்த்ராதே பியாங்கே'. 2015 முதல் பெண்களுக்கும் நடக்கிறது. சியெனாவின் புகழ்பெற்ற காம்போ சதுக்கத்தில், வருடத்துக்கு இரண்டு முறை குதிரைப் பந்தயம் நடக்கிற அதே இடத்தில் முடிகிறது. நூறு வருடத்துக்கும் மேலான பந்தயங்கள் நிறைந்த ஒரு விளையாட்டில் இருபது வருடத்துக்குள் முன்வரிசைக்கு வந்ததற்குக் காரணம் பரிசுப்பணம் இல்லை, ரோடு. மூன்று முறை வென்ற ஃபாபியன் கான்செல்லாராவின் பெயரை ஒரு ஜல்லிச் சாலைப் பகுதிக்கே சூட்டியிருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் சரி. ஆனால் அங்கேயே குடியிருக்கிறவர் என்ன சொல்வார்?

இதுதான் நேர்மையான கேள்வி. ஞாயிற்றுக்கிழமை வந்து படம் எடுத்துவிட்டுப் போகிறவருக்குப் புழுதி அழகு. தினமும் துணி காயப்போடுகிறவருக்கு அது தொல்லை. ஆம்புலன்ஸ் வர வேண்டும், பள்ளி வாகனம் வர வேண்டும், அறுவடைக் காலத்தில் டிராக்டர் போக வேண்டும். 'உங்கள் ஊர் பழசாகவே இருக்கட்டும், நாங்கள் வந்து பார்த்துக்கொள்கிறோம்' என்று வெளியூர்க்காரர் சொல்வது ஒரு வகையில் பழைய பண்ணையார் பேச்சுதான். அனுபவம் ஒருவருக்கு, சிரமம் இன்னொருவருக்கு.

இந்த இடத்தில் வணிகவியல் பாடம் ஒன்று உதவுகிறது. கணக்குப் பதிவியலில் 'நற்பெயர்' என்று ஒரு சொத்து உண்டு. கண்ணுக்குத் தெரியாது, கையால் தொட முடியாது. ஒரு நிறுவனம் தானே வளர்த்துக்கொண்ட நற்பெயரை இருப்புநிலைக் குறிப்பில் காட்டக் கணக்கியல் நியதிகள் அனுமதிப்பதில்லை. தொழிலை இன்னொருவர் விலைக்கு வாங்கும்போதுதான் அதற்கு ஒரு தொகை பிறக்கிறது. வெள்ளைச் சாலையும் அப்படித்தான். உள்ளாட்சியின் ஏட்டில் அது வெறும் செலவு: மழைக்குப் பின் பள்ளம் நிரப்பு, ஜல்லி கொட்டு, ரோலர் ஓட்டு. வரவுப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. தார் போட்டால் செலவு குறையும் என்று ஏடு சொல்லும். ஏடு பொய் சொல்லவில்லை, பாதியைத்தான் சொல்கிறது. விடுதியில் நிரம்பும் அறை, விற்கும் ஒயின், சைக்கிள் கடையில் நடக்கும் வாடகை வியாபாரம், இவை எல்லாம் வேறு யாருடைய ஏட்டிலோ வரவாக ஏறுகின்றன.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. தொழிலை விற்றால் நற்பெயருக்கு விலை தெரிந்துவிடும். சாலையை யாரும் விற்க மாட்டார்கள். தார் போட்டு மூடிய பிறகுதான் போனது என்ன என்று தெரியும்.

எனவே தீர்வு 'எல்லாவற்றுக்கும் தார்' என்பதும் இல்லை, 'எதற்கும் தார் வேண்டாம்' என்பதும் இல்லை. மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் போகிற சாலை தாராகவே இருக்கட்டும். அதில் சமரசம் கூடாது. மற்ற சாலைகளில் ஜல்லி நீடிக்கட்டும். ஆனால் அதைப் பராமரிக்கும் செலவை யாருக்கு வரவு வருகிறதோ அவர்கள் ஏற்க வேண்டும். ஓட்டத்தின் நுழைவுக் கட்டணத்திலும், விடுதி வாடகையிலும் ஒரு பங்கு, அந்த ரோட்டுக்கென்றே தனியாக எடுத்து வைக்கப்பட வேண்டும். அழகை அனுபவிக்கிறவர் அதற்குப் பணமும் கட்டட்டும். வாரத்தில்கூட விளைச்சலில் பாதி உழைத்தவனுக்குப் போனதே!

சைக்கிள்காரர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. காரில் போனால் அந்த மலை ஒரு மணி நேரக் காட்சி. சைக்கிளின் வேகத்தில்தான் அது வரலாறாகத் தெரியும். கோட்டைகள் ஏன் இத்தனை என்று கேட்டால், ஃபுளோரன்ஸும் சியெனாவும் இந்த எல்லைக்காக அடித்துக்கொண்ட கதை வரும். திராட்சை ஏன் இங்கே என்று கேட்டால், 1716-லேயே கியாந்தி ஒயினுக்கு எல்லை வகுத்து அரசாணை போட்ட கோசிமோ டி மெடிச்சியின் கதை வரும். வழியில் பழுது பார்த்துப் பளபளவென்று நிற்கிற கல் வீட்டின் கீழ்த்தளக் கதவு ஏன் அவ்வளவு அகலம் என்று கேட்டால், அங்கே கட்டியிருந்த மாடுகளின் கதையும், மேலே குடியிருந்து பிறகு ஊரை விட்டுப் போன குடும்பத்தின் கதையும் வரும். அதைக் கேட்காமல் வேகமானியை மட்டும் பார்த்துக்கொண்டு ஓட்டுவதென்றால் அதற்கு உடற்பயிற்சிக் கூடமே போதும், அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

புழுதியும் சேறும் பட்டு வண்டி இழுத்தவர்கள் போட்டு வைத்த சாலைகள் அவை. அவர்களுக்கு யாரும் பதக்கம் போடவில்லை. அந்தச் சாலைகளை அப்படியே வைத்திருப்பதும், அங்கே இப்போது வாழ்கிறவர்களைச் சிரமத்தில் விடாமல் இருப்பதும், இரண்டும் சேர்ந்தால்தான் அது பாதுகாப்பு. ஒன்றை மட்டும் செய்தால் அது காலண்டர் படம்தான்.