றகரம் திருத்தியவர்கள்

எங்கள் ஆறு பேருக்கும் மெய்ப்புத் திருத்துவதுதான் பிழைப்பு. கண்ணீர் அஞ்சலி விளம்பரத்தில் ‘ஆழ்ந்த இறங்கல்’ என்று வந்தால் சிரிப்போம். வல்லின றகரம் போட்டால் அது பஸ்ஸிலிருந்து இறங்குவது. துக்கத்துக்கு இடையின ரகரம். ‘இரங்கல்கள்’ என்பது ஆங்கிலத்தைப் பார்த்து ஒட்டிக்கொண்ட பன்மை. அதையும் அடிப்போம்.

போன ஆடியில், எங்களோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணாச்சியின் மனைவி இறந்துபோனார். வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்த ஐந்தாவது நிமிடம் ‘ஆழ்ந்த இரங்கல்’ போட்டுவிட்டோம். புதிதாகச் சேர்ந்த பையன் மட்டும் ‘இறங்கல்’ என்று போட்டான். மாலைவரை அவனைத் திருத்தியதிலேயே பொழுது போயிற்று. இரங்கல் நெய்தலின் உரிப்பொருள் என்று ஒருவர் தொல்காப்பியத்தை எடுத்தார். சங்கப் பாட்டில் முரசும் கடலும் ஒலிப்பதும் இரங்குதல்தான் என்றார் இன்னொருவர். பாரி இறந்தபின் கபிலர் பாடிய கையறுநிலைவரை போனோம். அண்ணாச்சியும் அதே குழுவில் இருக்கிறார் என்பது எங்களுக்கு உறைக்கவே இல்லை.

நெய்தலில் இரங்குகிறவள் தலைவி, துயரம் அவளுடையது. நாங்கள் போட்ட இரங்கலில் பறிகொடுத்தவர் ஒருவர், சொல்கிறவர்கள் வேறு. பிறருக்காக மனம் கசிவதும் இரங்குதல்தானே, இரக்கம் அதே வேரில் பிறந்ததுதானே என்றால், ஆமாம். இலக்கணப்படி நாங்கள் சரிதான்.

அண்ணாச்சி தென்காசிப் பக்கத்துக்காரர். அங்கே கேதம் கேட்பது, துட்டிக்குப் போவது என்பார்கள். கேட்க வேண்டும், போக வேண்டும். சொல்ல வேண்டியது ஒன்றுமில்லை. வாங்க என்று யாரும் கூப்பிட மாட்டார்கள், போய்வருகிறேன் என்று நாமும் சொல்லக் கூடாது. கையைத் தொட்டுவிட்டுச் சற்று நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் போதும். அதற்குக்கூட நாங்கள் போகவில்லை. பதினாறாம் நாள் போகலாம் என்றோம். அன்று இதழ் முடிக்கும் நாளாகிவிட்டது. முப்பதும் கழிந்தபிறகு இரண்டு பேர் போய் நின்றோம்.

அண்ணாச்சி கோபப்படவில்லை. காப்பி குடித்து முடிக்கும்வரை எதுவும் பேசவில்லை. பிறகு கேட்டார்: “அந்தப் பயல ஏன்யா அந்தப் பாடு படுத்தினீங்க? அன்னைக்கு ராத்திரி கடைசி பஸ்ஸுல அவன் ஒருத்தன்தான் வந்து இறங்கினான்.”